விழுங்கும்போது மட்டும்

மருந்து ஏறத் தொடங்கியபோது மணி இரண்டு ஐந்து. முழுதாக இறங்க ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். மூன்று ஐந்து வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நாடி பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், உடம்பில் தடிப்பு வருகிறதா, உதடு வீங்குகிறதா, மூச்சு இளைக்கிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், ஒன்று தெரிந்தாலும் குழாயை அடைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும். இவ்வளவையும் நூர்ஜகான் சிஸ்டர் ஒரே மூச்சில் சொல்ல, நர்சிங் மாணவி ஹெப்சிபா தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு எச்சில் விழுங்கினாள். வலித்தது. காலையில் ஹாஸ்டலில் பல் தேய்க்கும்போதும் இப்படித்தான் வலித்தது. சும்மா இருந்தால் ஒன்றும் இல்லை, பேசினால்கூட இல்லை, விழுங்கும்போது மட்டும், வலது பக்கத்தில், ஏதோ ஒரு சின்ன முனை உரசுகிற மாதிரி. நேற்றிரவு குளிர்ந்த தண்ணீர் குடித்தோம், அதுதான். இல்லாவிட்டால் இந்த முகக்கவசத்துக்குள்ளேயே மூச்சு விட்டு விட்டுத் தொண்டை காய்ந்துவிட்டது. இல்லாவிட்டால். அந்த இரண்டாவது இல்லாவிட்டாலுக்குப் பக்கத்தில் போனதும் மனசு தானாகவே திரும்பி, தொங்குகிற பாட்டிலைப் பார்த்தது. சொட்டு, சொட்டு, சொட்டு. எண்ணிக்கை சரியாக இருந்தது. குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தாள். நூற்றிருபத்தாறு. எழுதினாள். எழுதி முடித்ததும் வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்காமல் அப்படியே வைத்திருந்தாள். எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியும். விழுங்கினாள். வலித்தது.

கட்டிலில் கிடந்த இலக்கியாவுக்கு ஐந்து வயது. முந்தாநாள் காலையில் செங்கல் சூளையிலிருந்து கொண்டுவந்தார்கள். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இல்லாத மாதிரி இருந்தது. காளைக் கழுத்து என்று வகுப்பில் மேடம் சொன்னபோது பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஹெப்சிபாவும் சிரித்தாளோ என்னவோ. இரண்டாம் வருஷத்தில் அந்தப் பாடம் வெறும் பதினைந்து நிமிஷம். தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. கிருமி குண்டாந்தடி மாதிரி ஒரு பக்கம் தடித்திருக்கும். தொண்டையில் சாம்பல் நிறத்தில் படலம் கட்டும். அதைச் சுரண்டக் கூடாது, சுரண்டினால் ரத்தம் வரும். கிருமி தொண்டையை விட்டு அதிகம் நகராது, அது கக்குகிற நஞ்சுதான் ரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் நரம்புக்கும் போகும். ரத்தத்தில் ஓடுகிற நஞ்சை மருந்து பிடித்துவிடும், ஆனால் இதயத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்ட நஞ்சை எந்த மருந்தாலும் வெளியே எடுக்க முடியாது, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. தேர்வுக்கு வரும் என்று கோடு போட்டு வைத்திருந்தாள். முந்தாநாள் டாக்டர் குழந்தையின் நாக்கை அமுக்க, அவள் டார்ச் பிடித்தபோதுதான் அந்தக் கோடு போட்ட வரி நிஜத்தில் என்ன நிறம் என்று தெரிந்தது. நனைந்த சிமெண்ட் பையைக் கிழித்து ஒட்டின மாதிரி. அப்புறம் அந்த வாடை. பாடத்தில் வாடை என்று ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான். கண்ணாடி அணிந்திருந்ததால் கவசத்துக்குள்ளிருந்து வந்த மூச்சு பட்டுப் பட்டுக் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. டார்ச்சைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. கவசத்தைக் கொஞ்சம், ஒரு விரல் அளவுதான், மூக்குக்குக் கீழே இறக்கினாள். அப்போதுதான் குழந்தை இருமியது. நேராக முகத்தில். கண்ணாடியில் துளி தெறித்தது. துடைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. முந்தாநாள், நேற்று, இன்று. தொற்றினால் இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாடி நூற்றிருபத்தி நாலு. எழுதினாள்.

மருந்து இங்கே இருப்பில் இல்லை. எங்கெல்லாமோ போன் பண்ணி, இரண்டு நாள் அலைந்து, இன்றைக்கு மத்தியானம்தான் ஐஸ் பெட்டியில் வைத்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். அந்த இரண்டு நாளும் நஞ்சு குழந்தையின் ரத்தத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ. பெட்டியைத் திறந்தபோது அம்மாக்காரி தெய்வானை எட்டிப் பார்த்து, "இது என்னாத்துல செஞ்சது சிஸ்டர்?" என்று கேட்டாள். குதிரையோட ரத்தத்துலேர்ந்து எடுப்பாங்க என்று ஹெப்சிபா சொன்னாள். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நஞ்சை ஊசியில் ஏற்றுவார்கள், குதிரையின் உடம்பு அதற்கு எதிராக ஒன்றைத் தயார் பண்ணும், அதைப் பிரித்தெடுப்பார்கள். தெய்வானை, "அது பாவம் எத்தினி ஊசி தாங்கிச்சோ" என்றாள். அந்தப் பேச்சு மனசை விட்டு இன்னும் போகவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த மருந்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கோ ஒரு லாயத்தில் கழுத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு குதிரை தெரிந்தது. பழுப்பு நிறம். ஓடவில்லை, ஒளியவில்லை. குதிரைகூட நின்றிருக்கிறது.

தெய்வானைக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கட்டிலின் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தையின் கால் விரல் ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். கையில் செம்மண் போகாமல் ரேகைக்குள் நின்றது. நேற்று இதே நேரத்துக்கு இதே இடத்தில் வைத்துத்தான் ஹெப்சிபா அவளைப் பேசினாள். பேசினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டாள், மழையில் போய்விட்டது என்றாள் தெய்வானை. எத்தனை ஊசி போட்டீங்க என்றதற்கு ஒன்றோ இரண்டோ, அப்புறம் சூளை மாறி வேற ஊருக்குப் போயிட்டோம், முதல் ஊசிக்கே தொடை வீங்கி ராத்திரி முழுக்க அழுதுச்சி, மறுநாள் மண்ணு மிதிக்கப் போகணும், அப்புறம் போடலை என்றாள். "சும்மா குடுக்கிற ஊசி. அதைப் போட்டிருந்தா இன்னைக்குப் பிள்ளை இப்படிக் கிடக்குமா? வீங்கும்னு பயந்தீங்க, இப்போ பாருங்க கழுத்தை." அதைச் சொன்னபோது தன் குரல் எப்படி இருந்தது என்று இப்போது காதில் கேட்டது. மேடத்தின் குரல். மேடம் மாதிரியே கடைசிச் சொல்லை அழுத்தி. தெய்வானை ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். அந்த ஸ்டூல் தரையில் இழுபட்ட சத்தம். அந்தச் சத்தம் நேற்று உறைக்கவே இல்லை.

ஹெப்சிபா படித்த பள்ளிக்கூடம் மார்த்தாண்டம் பக்கத்தில். பத்தாம் வகுப்பில் ஒரு புதன்கிழமை, சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு பேர் இதே நோய்க்கான தடுப்பூசி போட நீலப் பெட்டியோடு வந்தார்கள். வரிசையில் ஹெப்சிபாவுக்கு முன்னால் பதினோரு பேர். பத்து, ஒன்பது, எட்டு என்று குறையக் குறைய வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் வேதியியல் ஆய்வகத்துக்குள் போய், கடைசி மேசைக்கு அடியில் உட்கார்ந்தாள். அங்கே அமில வாடை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு பீரியட் முழுக்க. வெளியே வந்தபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள், டீச்சர் வகுப்புப் பட்டியலில் எல்லாப் பெயருக்கும் நேரே டிக் போட்டிருந்தார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. பயம் அங்கேயே முடிந்திருந்தால் சரி. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னைக்கு ஊசி போட்டாவளாமே, கை நோவுதா மக்களே?" என்று கேட்டாள். நோவுது என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? இல்லை என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யில்லை. நோவுது என்றதும் அம்மா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஊசியே படாத அந்தக் கையில் ஒத்தடம் கொடுத்தாள். மெதுவாக, ஊதி ஊதி. சூடு இதமாக இருந்தது. அந்த இதம்தான் இன்றுவரைக்கும் வாயைத் திறக்க விடவில்லை. நர்சிங் சேரும்போது படிவத்தில் கேட்டிருந்தது, போட்டது என்று எழுதினாள். முந்தாநாள் இந்த வார்டுக்குள் நுழையும்போது நூர்ஜகான் சிஸ்டர் நாலு மாணவிகளையும் நிறுத்தி, "எல்லாரும் ஊசி போட்டவங்கதானே?" என்று கேட்டார். நாலு தலை ஆடியது. சின்ன வயதில் போட்டதெல்லாம் உடம்பில் இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். இருக்கும், ஆனால் தேய்ந்துகொண்டே வரும், அதனால்தான் பெரியவர்களானதும் மறுபடி போடுகிறோம் என்று மேடம் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது. மற்றவர்களுக்கு ஊசி போடும்போது அவள் கை நடுங்கியதே இல்லை. நல்ல கை என்று பாராட்டுகூட வாங்கியிருக்கிறாள்.

இரண்டு முப்பதுக்குக் குழந்தை வயிற்றைச் சொறிந்தது. முதலில் அது பெரிதாகத் தோன்றவில்லை. இரண்டாவது தரம் சொறிந்தபோது சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். தொப்புளுக்கு மேலே சிவப்பாக ஐந்தாறு தடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விலாப் பக்கத்தில் இன்னொன்று. கை தானாகவே போய்க் குழாயை அடைத்தது. "சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். நூர்ஜகான் சிஸ்டர் பக்கத்து அறையிலிருந்து ஓடவில்லை, ஆனால் ஓடினால் ஆகிற நேரத்துக்குள் வந்துவிட்டார். உதட்டைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ரத்த அழுத்தம் பார்த்தார். மூச்சு அடைத்தால் போடுவதற்கு ஏற்றி வைத்த அட்ரினலின் ஊசி தட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. டாக்டரும் வந்தார். "மூச்சு நல்லா இருக்கு. தோல்ல மட்டும்தான். அலர்ஜிக்கு ஊசி போட்டுட்டு, மெதுவா ஏத்துவோம். நிறுத்த முடியாது," என்றார். பத்து நிமிஷம் கழித்துச் சொட்டு மறுபடி விழ ஆரம்பித்தது, முன்னைவிட நிதானமாக. தெய்வானை சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை வாய்க் கவசத்துக்கு மேலேயே வைத்து அமுக்கிக்கொண்டு. எல்லாரும் போன பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நீங்க பாக்கலைன்னா என்னா ஆயிருக்கும் சிஸ்டர்" என்றாள். ஹெப்சிபா நாடியைப் பிடித்தாள். எண்ண முடியவில்லை, தன் விரல் நுனியிலேயே ஒன்று அடித்துக்கொண்டிருந்தது, எது குழந்தையுடையது எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். நூற்று முப்பது.

அப்புறம் தெய்வானை ஒன்று கேட்டாள். "சிஸ்டர், இவ்ளோ கிட்டத்துல மூஞ்சிய வச்சிக்கினு பாக்குறீங்களே. உங்களுக்கு ஒட்டிக்காதா?" ஹெப்சிபா நிமிரவில்லை. "நாங்க ஊசி போட்டிருக்கோம்க்கா." "ஆங், அப்போ சரி. உங்க அம்மா அங்க பயந்துனு இருப்பாங்களேன்னு கேட்டேன்," என்றாள் தெய்வானை. திரும்பவும் குழந்தையின் கால் விரலைப் பிடிக்க ஆரம்பித்தாள். ஹெப்சிபா சொட்டைப் பார்த்தாள். நாங்க என்று சொன்னோமே, நான் என்று சொல்லவில்லையே, நாலு பேரில் மூன்று பேர் போட்டிருந்தாலும் நாங்க என்பது சரிதானே. இப்படி ஒரு மூலை கிடைத்ததும் மனசு அதில் போய்ப் பதுங்கியது, ஆய்வக மேசைக்கு அடியில் பதுங்கினது மாதிரியே. அங்கே ரொம்ப நேரம் இருக்க முடியவில்லை. நேற்றிரவு ஹாஸ்டலில் கோமதி ஹெப்சிபாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கி வாய் வைத்துக் குடித்தது வந்தது. ஒரே அறையில் மூன்று கட்டில். கோமதி வாராவாரம் ஊருக்குப் போவாள், அவள் அக்காவுக்கு நாலு மாதக் குழந்தை, அதைத் தூக்கி முத்தம் கொடுக்கிற போட்டோவைத்தான் போனில் முகப்பாக வைத்திருக்கிறாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்குச் சாயந்திரம் அவள் பஸ் ஏறிவிடுவாள். ஹெப்சிபாவுக்கு அந்த நாலு மாதக் குழந்தையின் கழுத்து தெரிந்தது. இல்லை, ஒன்றுமில்லை, இது வெறும் தொண்டை வலி, ஜுரம்கூட இல்லை. கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். கையுறைக்குள் சூடு தெரியவில்லை. ஜுரம் லேசாகத்தான் இருக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது, பல பேர் சாதாரண தொண்டை வலி என்று விட்டுவிடுவார்கள் என்றும் இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? வகுப்பில் எழுந்து நிற்க வைப்பார்கள், பிரின்சிபாலுக்குப் போகும், படிவத்தை எடுத்துப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போன் போகும். அம்மா கேட்பாள். அப்போ அந்தக் கை? நான் ஒத்தடம் கொடுத்தேனே மக்களே. மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஒன்றில் வந்து மனசு மாட்டிக்கொண்டு நின்றது, கழன்று வந்து, சுற்றி, மறுபடி இதிலேயே வந்து மாட்டியது. சொல்லாமல் இருந்தால்? சாயந்திரம் மருந்துக்கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால்? நாளைக்குச் சரியாகிவிட்டால்? இந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் மூன்று நாள் மருந்துக்கடை மாத்திரை கொடுத்திருந்தார்கள். விழுங்கினாள். இந்தத் தடவை வலிக்கவில்லை போலிருந்தது. சந்தேகம் தீர மறுபடி விழுங்கினாள். வலித்தது.

மூன்றரைக்குக் கடைசிச் சொட்டும் இறங்கிவிட்டது. தடிப்பு மங்கியிருந்தது. நாடி நூற்றிருபது. குழந்தை தூங்கிவிட்டிருந்தது. தூக்கத்தில் மூச்சு குறட்டை மாதிரி கரகரத்தது, ஆனால் சீராக இருந்தது. குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, எழுதவேண்டியதை எழுதிவிட்டு, கையைக் கழுவினாள். ஒரு தரம் கழுவினாள், மறுபடி கழுவினாள். பிறகு நூர்ஜகான் சிஸ்டரின் மேசைக்குப் போய், ஆறடி தள்ளியே நின்றாள். "என்ன?" என்றார் அவர் நிமிராமல். "சிஸ்டர், எனக்குத் தொண்டை வலிக்குது. காலைலேர்ந்து." அவர் நிமிர்ந்தார். "நான் அந்த ஊசி போட்டுக்கலை சிஸ்டர். பத்தாவதுல போட்டப்போ போடாம ஒளிஞ்சுகிட்டேன். ஃபாரத்துல பொய் எழுதினேன். முந்தாநாள் நீங்க கேட்டப்பவும் தலையாட்டினேன். அன்னைக்கு மாஸ்க்கை இறக்கியிருந்தப்போ பாப்பா இருமிடுச்சு." எல்லாம் அடுக்கடுக்காக வந்து விழுந்தது, சொல்லி முடித்த பிறகுதான் மூச்சு வாங்கியது. நூர்ஜகான் சிஸ்டர் எழுந்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி, புது கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, "வாயைத் திற" என்றார். மரக்குச்சியின் சுவை. டார்ச்சின் வெளிச்சம் கண்ணில் அடித்தது. முந்தாநாள் தான் பிடித்த டார்ச். "சிவந்திருக்கு. படலம் இல்லை. இன்னைக்கு இல்லைன்னுதான் என்னால சொல்ல முடியும்." சாம்பிள் எடுத்துக் குழாயில் போட்டார். "யாரு யாருகூட சாப்பிட்டே, தண்ணி குடிச்சே, ஒருத்தர் விடாம எழுதிக் குடு. அவங்க யாரும் ஊருக்குப் போகக் கூடாது. ரிசல்ட் வர வரைக்கும் நீ கடைசி ரூம்ல இருக்கணும், மாத்திரை இப்பவே ஆரம்பிக்கணும்." அதிர்ந்து ஒரு சொல் பேசவில்லை. அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டே, குரலை இன்னும் தாழ்த்தி, "அங்க ஒரு பொம்பளைய நேத்து நீ பேசினதை நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் ஹெப்சிபா," என்றார். கோமதியின் பெயரை ஹெப்சிபா முதல் வரியில் எழுதினாள். பக்கத்திலேயே, அடைப்புக்குறி போட்டு, அக்கா குழந்தை நாலு மாசம் என்றும் எழுதினாள்.

கடைசி அறைக்குப் போகிற வழியில் இலக்கியாவின் கட்டில். வாசலிலேயே நின்றாள், உள்ளே போகவில்லை. தெய்வானை திரும்பிப் பார்த்தாள். "அக்கா, உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு ஊசி போடலை. பயந்து ஒளிஞ்சுகிட்டேன். இப்போ எனக்கும் தொண்டை வலிக்குது, டெஸ்டுக்குக் குடுத்திருக்கேன். நேத்து உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது." கவசத்துக்கு மேலே தெய்வானையின் கண் மட்டும் தெரிந்தது. அதில் கோபமா, பயமா, ஒன்றும் பிடிபடவில்லை. அவள் எழுந்தாள். எழுந்து, தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்ததோ இல்லையோ, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றாள். குழந்தை அவளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. ஹெப்சிபா இன்னும் ஓர் அடி பின்னால் போனாள். "அப்போ இனிமே பாப்பாவ யாரு பாப்பாங்க?" என்று கேட்டாள் தெய்வானை. "திலகான்னு ஒரு பொண்ணு வருவா. என் செட்டுதான். நல்லாப் பாத்துப்பா." தெய்வானை இடத்தை விட்டு நகரவில்லை. "அவங்க ஊசி போட்டிருக்காங்களா?"

போட்டிருக்கா என்று சொல்ல வாயெடுத்தாள் ஹெப்சிபா. திலகாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், முந்தாநாள் வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று அவளும் தலையாட்டினாள்.

"தெரியலைக்கா," என்றாள். "நூர்ஜகான் சிஸ்டர்கிட்ட சொல்லிக் கேக்கச் சொல்றேன். அவங்க கேட்டுச் சொல்ற வரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க."